டிரம்மில் சுழலும் தோல், தட்டில் உலரும் படலம்

சென்னையின் பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி வட்டாரத்தில் நூறாண்டுக்கும் மேலாகத் தோல் பதனிடுகிறார்கள். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அடையாறு. 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சி.எல்.ஆர்.ஐ., அங்கே இருக்கிறது. முதல் இடத்தில் மாட்டுத்தோல் ஷூவாகவும் பையாகவும் மாறப் போகிறது. இரண்டாம் இடத்தில் அதே தோலிலிருக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து, தீக்காயத்தின்மேல் போர்த்தும் மெல்லிய படலமாக வார்க்கக் கற்றார்கள். இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதான்: கொலாஜன்.

இந்த இரண்டையும் அருகருகே வைப்பவர்கள் ஒன்றை நாற்றமடிக்கும் தொழில் என்றும் மற்றதை உயர்ந்த அறிவியல் என்றும் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே மூலக்கூறோடு செய்யும் வேலை. முதல் பாதி வழியும் கிட்டத்தட்ட ஒன்று. பதனிடுபவர் கேட்பது, இது எத்தனை வருஷம் உழைக்கும் என்று. படலம் வார்ப்பவர் கேட்பது, இது எந்த வாரத்தில் கரைந்து போகும் என்று. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

கொலாஜனின் அமைப்பைக் கண்டறிந்த கதையிலும் சென்னைக்குப் பங்குண்டு. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து இந்தப் புரதத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். கங்காரு வாலின் தசைநாண் இழை சி.எல்.ஆர்.ஐ.யிலிருந்து கிடைத்தது. 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்ட விடை: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு. ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள்; மூன்றில் ஒன்று கிளைசின். மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர், அகலம் ஒன்றரை. பல்லாவரத்து டிரம்மில் சுழல்வதும் மருத்துவமனைப் பொட்டலத்தில் இருப்பதும் இந்தக் கயிறுதான். படலம் வார்ப்பவருக்கு இந்த முறுக்கு உயிர்நாடி. முறுக்கு அவிழ்ந்துவிட்டால் மிஞ்சுவது ஜெலட்டின். அது உடல்சூட்டிலேயே கரைந்துவிடும்.

தோல் பதனிடும் இடத்தில் உப்பிட்ட தோலை முதலில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் போட்டு மயிரை நீக்குவார்கள். உட்பக்கத்து ஜவ்வைச் சீவி, சுண்ணாம்பை எடுத்து, நொதியால் இளக்கி, உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் தோல் குரோமியத்துக்குத் தயார். இத்தனையும் கொலாஜன் அல்லாததைக் களையும் வேலை. படலக்காரரும் இதையே செய்கிறார், இன்னும் மென்மையாக. தோலைத் துண்டு துண்டாக நறுக்கி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பெப்சின் நொதி சேர்த்து, 4 டிகிரி குளிரில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார். கயிற்றின் இரு முனையிலும் முறுக்கிக்கொள்ளாத சிறு வால்கள் உண்டு. வேற்று உடம்பு எதிர்ப்பதற்குப் பெரிதும் காரணமானவை அவை. பெப்சின் அந்த வால்களை மட்டும் வெட்டி, கயிற்றைத் தொடாமல் விடுகிறது. கரைந்து வரும் கொழகொழப்பான திரவத்தை வடிகட்டி, உப்பிட்டு வீழ்படிவாக்கி, மறுபடி கரைத்து, உப்பைச் சவ்வின் வழியே கழுவி எடுத்தால் தெளிவான கொலாஜன் கரைசல் கிடைக்கிறது.

இங்கே பாதை பிரிகிறது.

பதனிடுபவர் டிரம்மில் குரோமியம் சல்பேட்டைப் போடுகிறார். தொடக்கத்தில் அமிலத்தன்மை பி.எச். 3 அளவில் இருக்கும். குரோமியம் எங்கும் ஒட்டாமல் தோலின் நடு வரை ஊடுருவும். பிறகு சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச். அளவை 4-ஐ நோக்கி ஏற்றுவார்கள். அப்போது குரோமியம் சங்கிலிகளின் கார்பாக்சில் முனைகளைப் பிடித்து, ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. பூட்டியதா என்று அறிய எளிய சோதனை உண்டு. தோலின் தடித்த பகுதியில் ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். பச்சைத்தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். குரோமியம் நன்றாக ஏறிய துண்டு கொதிநீரிலும் சுருங்காது. இளநீல நிறத்தில் வெளிவரும் அந்த ஈரத்தோலுக்கு வெட் புளூ என்று பெயர். ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையைப் பல்லாவரத்துக்குக் கொண்டுவந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

படலக்காரரின் கையில் இருப்பது ஒரு தட்டு. வார்ப்பு என்பது பார்வைக்கு மிக எளிய வேலை: கரைசலைத் தட்டில் ஊற்று, நீர் போகட்டும், உரித்தெடு. எந்த மருந்தியல் கூடத்திலும் மாணவர்கள் பெட்ரித் தட்டில் பாலிமர் கரைசலை ஊற்றி, வாய்க்குள் ஒட்டும் மருந்துப் படலம் செய்வது வழக்கமான பயிற்சி. கொலாஜனுக்கும் அதே முறைதான். கணக்கும் எளிது. நூற்றுக்கு ஒரு பங்கு கொலாஜன் உள்ள கரைசலை 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றினால், உலர்ந்தபின் மிஞ்சுவது சுமார் 40 மைக்ரான் படலம், தலைமுடியைவிட மெல்லியது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தாள் ஒன்றுக்கு அரை கிராம் கொலாஜன் போதும். ஒரு கிலோ தூய கொலாஜன் இருந்தால், வீணாவது போக, இரண்டாயிரம் தாள்களுக்குக் கிட்டே வரலாம்.

கணக்கு எளிது, கைவேலை எளிதல்ல. தட்டு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் அந்தப் பக்கம் படலம் தடித்துவிடும். தடித்த பக்கம் காயத்தில் கரையும் வேகமும் மாறும். கரைசலில் காற்றுக் குமிழி இருந்தால் உலரும்போது அது ஊசித்துளையாகும். அதனால் ஊற்றுவதற்கு முன்பே வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை இழுத்துவிட வேண்டும். மொட்டைமாடியில் ஊற்றிய கூழ்வடகம் போலவே இதுவும் ஓரத்தில் முதலில் காயும். ஓரம் இழுக்க, நடு சுருங்கி, மூலை மடங்கும். அதைத் தடுக்கச் சிலர் கிளிசரின் சேர்க்கிறார்கள். உலர்த்தும் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது இன்னும் முக்கியம். கரைசலில் உள்ள மாட்டுக் கொலாஜன் 40 டிகிரியை நெருங்கும்போது முறுக்கு அவிழத் தொடங்கும். சென்னையின் மே மாதம் அந்த அளவைத் தொடுவது நாம் அறிந்ததே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிக்கல் வேறு: காற்றே ஈரமாக இருப்பதால் படலம் காயாது, காயாத அமிலக் கரைசலில் பூஞ்சை பிடிக்கும். குளிரூட்டிய, ஈரம் நீக்கிய அறை இல்லாமல் இந்த வேலை இந்த ஊரில் நடக்காது. டிரம் வேலையில் வெயிலும் மழையும் இந்த அளவுக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை.

நன்றாக உலர்ந்த படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக் காகிதம் போலத் தெளிவாக இருக்கும். விரலில் சரசரக்கும். உப்புநீரில் நனைத்தால் சில நொடிகளில் தொய்ந்து, முழங்கையின் மடிப்பிலும் விரலிடுக்கிலும் அப்படியே படியும்.

மின்னழுத்தத்தால் இழை நூற்கும் முறையைப் பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. பத்து, இருபது கிலோவோல்ட்டில் கரைசலை இழுத்து, நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகச் சேர்த்து விரிப்பாக்குவார்கள். பாலிகேப்ரோலாக்டோன் போன்ற செயற்கைப் பாலிமருக்கு அது அருமையான வழி. அந்தப் பாலிமர் உடம்பில் முழுதும் மறைய இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கொலாஜனை அப்படி நூற்க வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபுளோரின் கலந்த கரைப்பான்களோ முறுக்கை அவிழ்த்துவிடுகின்றன. விலையுயர்ந்த கொலாஜனைப் போட்டு ஜெலட்டின் வலையை எடுப்பதில் பொருளில்லை. கொலாஜனுக்குப் பழைய தட்டு வார்ப்பே மேல் என்பது என் முடிவு.

வெறும் கொலாஜன் படலத்தைக் காயத்தில் வைத்தால், காயத்திலேயே ஊறும் கொலாஜனேஸ் நொதிகள் சில நாளில் அதைத் தின்றுவிடும். அடியில் புதுத் தோல் மூடுவதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். ஆகவே படலத்துக்கும் பூட்டு வேண்டும்; ஆனால் திறக்கக்கூடிய பூட்டு. இந்த இடத்தில் இரண்டு தொழிலும் எதிர்பாராத நெருக்கத்துக்கு வருகின்றன. படலத்தில் வெகுகாலம் பயன்பட்டது குளூட்டரால்டிஹைடு. சங்கிலியிலுள்ள லைசின் முனைகளைப் பிடிக்கும் இந்த வேதிப்பொருளையே, குரோமியம் இல்லாத கார் இருக்கைத் தோல் செய்யவும் பயன்படுத்துகிறார்கள். தோலில் அது எஞ்சினால் பெரிய கேடில்லை. காயத்தில் எஞ்சினால் புதிதாக வரும் செல்களைக் கொல்லும். அதனால் ஆராய்ச்சி கார்போடைஇமைடு பக்கம் போனது. அது கார்பாக்சில் முனையையும் லைசின் முனையையும் நேரடியாக இணைத்துவிட்டு, தான் கழுவப்பட்டு வெளியேறுகிறது. குரோமியம் பிடிக்கும் அதே கார்பாக்சில் முனைதான். பிடித்தபின் அங்கேயே தங்குகிறதா, போய்விடுகிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

குரோமியத்துக்கும் அறுவை அரங்கில் இடமிருக்கிறது. அறுவை மருத்துவர்களைக் கேட்டால் குரோமிக் கேட்கட் என்பார்கள். ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து எடுத்த கொலாஜன் நூல் அது. குரோமிய உப்பில் தோய்க்காத நூல் ஒரு வாரம், பத்து நாளில் வலுவிழக்கும். தோய்த்தது இரண்டு, மூன்று வாரம் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜோசப் லிஸ்டர் இந்த வழியைக் கையாண்டார். குரோம்பேட்டையில் தோலை நிரந்தரமாக்கும் அதே உலோகம், அளவைக் குறைத்தால், நூலின் ஆயுளை இரண்டு, மூன்று வாரத்துக்கு நீட்டும் கருவியாகிறது. குரோமியம் என்றாலே நச்சு என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவோருக்கு இந்த நூலைத்தான் நான் காட்டுவேன்.

குரோமியம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமானது. அவற்றிலிருக்கும் பாலிஃபீனால்களைக் கொண்டு கொலாஜனை நிலைப்படுத்தும் ஆய்வுகள் சி.எல்.ஆர்.ஐ.யில் நடந்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கும் இந்த மென்மையான பூட்டு, மெதுவாக அவிழ வேண்டிய படலத்துக்குப் பொருந்தும். பழைய பதனிடுபவர்களின் சரக்கு மருத்துவப் படலத்துக்குள் திரும்புவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

மருத்துவமனைக்கு வருவோம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். இரண்டாம் நிலைத் தீக்காயத்தில் தோலின் மேலடுக்கு போய், நரம்பு முனைகள் வெளியே நிற்கும். பழைய முறையில் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பைத் தடவி, துணிக்கட்டுப் போட்டு, அடிக்கடி அவிழ்த்து மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் துணியோடு புதுத் தோலும் பிய்ந்து வரும். அந்த வார்டுகளில் கட்டு மாற்றும் நேரம் என்றால் என்ன என்பது நோயாளியின் உறவினர்களுக்குத் தெரியும். கொலாஜன் தாள் இந்த வேதனையைத்தான் குறைக்கிறது. கிருமி நீக்கிய பொட்டலத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரில் அது வரும். உப்புநீரில் நன்றாக அலசி, சுத்தம் செய்த காயத்தின்மேல் விரித்தால் ஒட்டிக்கொள்ளும். அடியில் நீர் சேராமலிருக்கச் சிறு துளையிடுவார்கள். பிறகு தினமும் அவிழ்க்க வேண்டாம். அடியில் புதுத் தோல் வளர வளர ஓரம் தானாகத் தூக்கும். தூக்கிய பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். சீழ் பிடித்த காயத்தில் இதை வைக்கக்கூடாது. முழு ஆழமும் எரிந்த மூன்றாம் நிலைக் காயத்தில் இது மட்டும் போதாது. அங்கே நோயாளியின் தோலையே ஒட்ட வேண்டும், அல்லது 1981-இல் பாஸ்டனில் ஜான் பர்க்கும் அயானிஸ் யானாஸும் உருவாக்கியது போன்ற இரட்டை அடுக்கு வேண்டும்: கீழே செல்கள் நுழைவதற்கு நுண்துளையுள்ள கொலாஜன் பஞ்சு, மேலே சிலிகோன் படலம். வார்த்த படலம் ஒரு போர்வை. உறைநிலையில் உலர்த்திய பஞ்சு சாரம். இரண்டையும் ஒரே பெயரில் விற்பதும் வாங்குவதும் நோயாளிக்கு நல்லதில்லை.

தோலின் பக்கம் விலை வேறு விதத்தில் கொடுக்கப்பட்டது. ஒரு டன் உப்பிட்ட மாட்டுத்தோலிலிருந்து 200, 250 கிலோ தோல்தான் முடிவில் தேறும். மற்றது ஜவ்வாக, சீவலாக, கழிவுநீராகப் போகிறது. வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தோலில் ஏறும். ஊறவைப்பதிலும் அமில நீரிலும் கரையும் உப்பு அதைவிடப் பெரிய சுமை. இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் சேர்ந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டித் தமிழகத் தோல் தொழிலையே உலுக்கியது. பல்லாவரத்துக்கெனப் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். குரோமியத்தை முழுதும் தோலிலேயே ஏற்றும் முறைகளையும், நீரில்லாமல் குரோமியம் ஏற்றும் முறையையும் சி.எல்.ஆர்.ஐ. உருவாக்கியது. கிணற்றுநீரை இழந்த குடும்பங்களுக்கு இவை காலம் கடந்து வந்தவை. அதைச் சொல்லாமல் தோல் தொழிலின் வேதியியலை மட்டும் புகழ்வது நியாயமாகாது. படலம் வார்ப்பதும் அமிலம், உப்பு, ஆல்கஹால், ஓயாத மின்சாரம் இல்லாமல் நடப்பதில்லை. அளவு சிறிது என்பதால் சுமையும் சிறிது, அவ்வளவே.

அப்படியானால் தோல் தொழிலின் கழிவிலிருந்தே படலம் செய்யலாமே என்ற கேள்வி எழும். குரோமியம் ஏறிய சீவலை மறந்துவிட வேண்டும். காரத்தாலும் நொதியாலும் குரோமியத்தைப் பிரிக்க முடியும். பிரித்தால் கொலாஜன் துண்டு துண்டாகிவிடும். பசைக்கும் உரத்துக்கும் ஆகும், படலத்துக்கு ஆகாது. குரோமியத்துக்கு முன்பு வெட்டி எறியும் ஓரத்துண்டுகள் வேறு: அவற்றில் முறுக்கு குலையாத கொலாஜன் இருக்கிறது. இன்று அவை பெரும்பாலும் ஜெலட்டினுக்கும் நாய் கடிக்கும் துண்டுகளுக்கும் போகின்றன.

தடை வேதியியலில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. காயத்தில் வைக்கும் பொருளுக்கு அது எந்த மாடு, எந்த நாளில் அறுத்தது, கால்நடை மருத்துவர் பார்த்தாரா, எத்தனை மணி நேரத்தில் குளிருக்குப் போனது என்ற சான்று வேண்டும். விலங்குத் திசுவிலிருந்து செய்யும் மருத்துவப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22442 தரநிலை இதைத்தான் கேட்கிறது. மாட்டு மூளை நோய்ப் பயத்தில் ஐரோப்பா கேட்கட் நூலையே விலக்கியதை நினைத்தால் இந்தக் கண்டிப்பு மிகையில்லை. பல ஊர்ச் சந்தைகளிலிருந்து உப்பிட்டுக் கலந்து வரும் தோலுக்கு இந்தச் சான்றைத் தர யாராலும் முடியாது. மாட்டைத் தொட விரும்பாத நோயாளிகளுக்காக மீன்தோல், மீன்செதில் கொலாஜனையும் பலர் முயல்கிறார்கள். பிரேசிலில் திலாப்பியா மீனின் தோலையே பதப்படுத்தித் தீக்காயத்தில் போர்த்துகிறார்கள். குளிர்கடல் மீனின் கொலாஜன் நம் அறைவெப்பத்திலேயே முறுக்கவிழும். வெப்பமண்டல மீன் அதைவிடத் தாங்கும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் ஒதுக்கப்படும் மீன்தோலுக்கும் இதே பதிவேட்டுக் கேள்விதான் முன்னால் நிற்கிறது.

நான் வேண்டுவது பெரிய ஆலையல்ல. ஒரே ஒரு அறுப்புக்கூடம், எண்ணிட்ட விலங்குகள், மருத்துவச் சான்று, உப்புக்குப் பதிலாகக் குளிர்ப்பெட்டி. அங்கிருந்து வரும் தோலை மட்டும் தனி வரிசையில் சுண்ணாம்புக்கு அனுப்பி, ஓரத்துண்டுகளை அதே எண்ணோடு எடுத்து வைப்பது. முதுகுப்பக்கத் தோலும் வயிற்றுப்பக்கத் தோலும் நாரின் நெருக்கத்தில் எப்படி வேறுபடும் என்பதை நாகல்கேணியில் டிரம் பார்க்கும் மேஸ்திரி தடவிப் பார்த்தே சொல்வார். துண்டைத் தேர்ந்தெடுக்கும் அந்த வேலைக்கு அவரையே வைக்க வேண்டும், அவருக்கு அதற்குரிய சம்பளத்தோடு.